பச்சைக்குழந்தை மூக்குல குழாய்... பிடுங்கச் சொல்லாதீங்க! ‘ராம்’ குழாய் வந்த கதை

கோவை:

“ஏனுங்க சிஸ்டர், அந்தக் குழாயைக் கழட்டி உட்ருங்க. பிஞ்சு மூக்கு, வலிக்குமில்லீங்க...”

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பச்சிளங்குழந்தை வார்டு வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும். இந்த மாதிரி ஒரு குரல் காதில் விழும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும். மூக்கில் குழாய், காலில் ஒயர், பக்கத்தில் தண்ணீர் பாட்டில் குபுகுபுன்னு கொப்பளிக்கும். பார்த்ததும் பெத்தவங்களுக்கு ஈரக்குலை நடுங்கும். ‘குழாய் வச்சுட்டாங்கன்னா அவ்ளோதான்’ என்ற பேச்சும் கூடவே வரும்.

இந்தச் செய்தியை எழுதும் நமது நிருபரின் வீட்டிலும் இது நடந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடித்துக் கொண்டிருந்த அக்காவுக்கு 31 வாரத்திலேயே வலி வந்து விட்டது. குழந்தை 1 கிலோ 400 கிராம். பிறந்த ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்து விட்டது. மூக்கில் குழாய் வைத்தார்கள். அக்காவின் மாமியார் இரண்டாவது நாளே, “எதுக்கு இந்தச் சித்திரவதை? ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிரலாம். இருந்தா இருக்கட்டும், இல்லாட்டி சாமி உட்ட வழி” என்று சொல்லி விட்டார். கையெழுத்துப் போட்டு எடுத்துப் போக பேனாகூட கைக்கு வந்து விட்டது.

அந்தக் குழாய் என்ன செய்கிறது என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அதை யார் யோசித்தார்கள், எத்தனை வருஷ ஆராய்ச்சி அதற்குப் பின்னால் இருக்கிறது என்பதெல்லாம் பிற்பாடு விசாரித்துத் தெரிந்து கொண்டதுதான்.

பனியன் கவர் மாதிரி

திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். பனியன் போடும் பாலித்தீன் கவர் ஈரமானால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் ஒட்டிக் கொள்ளும். ஊதிப் பிரிக்க வாய் வலிக்கும். ஒரு தடவை பிரித்து உள்ளே கொஞ்சம் காற்று நின்று விட்டால், அடுத்த தடவை லேசாக ஊதினாலே உப்பும்.

நுரையீரலும் அப்படித்தான். உள்ளே லட்சக்கணக்கில் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள். உள்பக்கம் எல்லாம் ஈரம். அவை ஒட்டிக் கொள்ளாமல் இருக்க, சோப்பு மாதிரி வழுவழுப்பான ஒரு திரவத்தை நுரையீரலே சுரக்கிறது. டாக்டர்கள் இதை ‘சர்ஃபாக்டன்ட்’ என்பார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இது போதுமான அளவு சுரக்க 34, 35 வாரம் ஆகும். அதற்கு முன்பே பிறந்தால் சரக்கு பற்றாது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிய கவரைப் பிரிக்கிற மாதிரி குழந்தை போராட வேண்டும். நெஞ்சுக்கூடு உள்ளே வாங்கும், மூக்கு விடைக்கும், ‘ம்... ம்...’ என்று முனகும். சில மணி நேரத்தில் குழந்தை களைத்துப் போகும்.

இந்தியாவில் 2020-ம் ஆண்டில் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. உலகத்திலேயே அதிகம் நம் நாட்டில்தான்.

ஜனாதிபதி மகனுக்கே வழியில்லை

பணம் இருந்தால் பிழைத்திருக்கலாமே என்று நினைக்கலாம். 1963-ம் ஆண்டு ஆகஸ்ட் 7-ந்தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்கூட்டியே ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் பேட்ரிக். எடை 2 கிலோ 100 கிராம். இதே மூச்சுத்திணறல்தான். பாஸ்டன் நகரத்துப் பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போய், காற்றழுத்த அறைக்குள் வைத்துக்கூடப் பார்த்தார்கள். 9-ந்தேதி குழந்தை இறந்து விட்டது. உலகத்திலேயே பலசாலியான மனிதரின் மகன், 39 மணி நேரம்தான் உயிரோடு இருந்தான். அந்த எடையில் பிறக்கும் குழந்தையை இன்றைக்கு நம்ம மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலேயே காப்பாற்றி அனுப்புகிறார்கள்.

சோப்புச் சரக்கு இல்லாததுதான் காரணம் என்பதை அதற்கு நான்கு வருஷம் முன்பே, 1959-ல், மேரி எலன் ஏவரி என்ற பெண் டாக்டர் கண்டுபிடித்து எழுதி விட்டார். காரணம் தெரிந்தது, வைத்தியம் தெரியவில்லை.

முனகலில் கிடைத்த துப்பு

வைத்தியத்துக்கான துப்பைக் கொடுத்ததே குழந்தைகள்தான். மூச்சு திணறும் குழந்தை ஏன் முனகுகிறது? மூச்சை வெளியே விடும்போது தொண்டையைப் பாதி மூடிக் கொள்கிறது. உள்ளே கொஞ்சம் காற்றைப் பிடித்து வைக்கத்தான் அப்படிச் செய்கிறது. கவர் முழுசாக ஒட்டிக் கொள்ளக் கூடாது என்று அந்தச் சின்ன உடம்புக்கே தெரிந்திருக்கிறது!

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவில் இருந்த ஜார்ஜ் கிரிகோரி என்ற டாக்டர், குழந்தை செய்வதையே நாமும் செய்து கொடுத்தால் என்ன என்று யோசித்தார். விடாமல் ஒரு லேசான காற்றழுத்தம் கொடுத்தார். 1971-ல் அவர் வெளியிட்ட கட்டுரைப்படி 20 குழந்தைகளில் 16 பேர் பிழைத்தனர். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். இதற்குத்தான் ‘சி-பேப்’ என்று பெயர். வார்டில் நர்சுகள் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை.

தண்ணீர் பாட்டில் கொப்பளிக்கிறதே, அது எதற்கு என்று பலரும் கேட்பார்கள். குழந்தை விடும் மூச்சுக்காற்று வெளியே போகும் குழாயின் நுனியை தண்ணீருக்குள் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால், அந்த 5 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம் குழந்தையின் நுரையீரலுக்குள் நிற்கும். அவ்வளவுதான் சூட்சுமம். கொப்பளித்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். கொப்பளிப்பு நின்றால் எங்கோ காற்று கசிகிறது, உடனே நர்சைக் கூப்பிட வேண்டும். நியூயார்க்கில் கொலம்பியா ஆஸ்பத்திரியில் ஜென்-டியன் உங் என்ற டாக்டர், தைவானில் பிறந்தவர், இந்த பாட்டில் முறையை மூக்குக் குழாயோடு சேர்த்து 1970-களில் இருந்து செய்து வந்தார். மற்ற ஆஸ்பத்திரிகள் பெரிய வென்டிலேட்டர் வாங்கி தொண்டைக்குள் குழாய் இறக்கிக் கொண்டிருந்த காலம் அது. 1987-ல் எட்டு ஆஸ்பத்திரிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நுரையீரல் கெட்டுப் போன குழந்தைகள் மிகக் குறைவாக இருந்தது கொலம்பியாவில்தான் என்று தெரிய வந்தது. ஒப்பிட்டுப் பார்த்தவர்? அதே மேரி எலன் ஏவரி!

தொண்டைக் குழாயில் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். ரொம்ப மோசமான நிலையில் உள்ள குழந்தைக்கு அது இன்றைக்கும் உயிர்காக்கும் விஷயம்தான். ஆனால் மிஷின் அழுத்தி அழுத்தி காற்றை அடிப்பதால் பிஞ்சு நுரையீரல் புண்ணாகி தடித்துப் போகிறது. வாரக்கணக்கில் ஆக்சிஜன் இல்லாமல் இருக்க முடியாத குழந்தையாகி விடுகிறது. வீட்டுக்குப் போன பிறகும் சளி பிடித்தால் திரும்ப ஆஸ்பத்திரிதான்.

டாக்டர் ராமநாதன்

இங்கேதான் நம்ம பக்கத்துப் பெயர் ஒன்று வருகிறது. டாக்டர் ரங்கசாமி ராமநாதன். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பச்சிளங்குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்து ஆராய்ச்சி செய்தவர். உடன் வேலை பார்ப்பவர்கள் சுருக்கமாகக் கூப்பிடும் பெயர் ‘ராம்’.

முதலில் அந்த சோப்புச் சரக்கு விஷயம். 1980-ல் ஜப்பானில் புஜிவாரா என்ற டாக்டர், மாட்டு நுரையீரலில் இருந்து எடுத்த மருந்தை 10 குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் விட்டுக் காட்டினார். பிறகு பன்றி நுரையீரலில் இருந்தும் மருந்து வந்தது. எது மேல்? ராமநாதன் தலைமையில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 293 குழந்தைகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து 2004-ல் முடிவை வெளியிட்டனர். பன்றி மருந்தை முதல் தடவையே கூடுதல் அளவில் கொடுத்த குழந்தைகளுக்கு ஆக்சிஜன் தேவை சீக்கிரம் குறைந்தது, திரும்பத் திரும்ப மருந்து விட வேண்டிய தேவையும் குறைந்தது.

அடுத்ததுதான் முக்கியம். மருந்து விட தொண்டையில் குழாய் போட்டாகி விட்டது. அதை எடுத்து விட்டு மூக்கு வழியாகவே குழந்தையைச் சமாளிக்க முடியுமா? சி-பேப்பில் ஒரே சீரான அழுத்தம். அதற்கு மேலே நடுநடுவே ஒரு ‘தள்ளு’ மூச்சும் மூக்கு வழியாகக் கொடுத்தால்? ஓடாத வண்டியை பின்னால் இருந்து அப்பப்போ ஒரு தள்ளு தள்ளுகிற மாதிரி. 30 வாரத்துக்கும் குறைவாகப் பிறந்த 110 குழந்தைகளை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வந்தது. வெறும் சி-பேப்பில் இருந்தவர்களில் 100-க்கு 42 பேருக்கு மறுபடி வென்டிலேட்டர் தேவைப்பட்டது. தள்ளு மூச்சு கிடைத்தவர்களில் 17 பேருக்குத்தான். நுரையீரல் கெட்டுப் போனவர்கள் 39-க்குப் பதில் 21. இந்த ஆராய்ச்சியில் அவரோடு சேர்ந்து பெயர் போட்டிருப்பவர்களில் சேகர் என்று இன்னொரு டாக்டரும் உண்டு.

மூக்கு வழி நல்லது என்று நிரூபித்தாகி விட்டது. ஆனால் மூக்கில் மாட்டும் சாமான்தான் ரோதனை. பழைய குழாய் குட்டையாக, கெட்டியாக இருக்கும். குழந்தை தலைக்கு ஒரு குல்லா மாட்டி, இரண்டு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். கொஞ்சம் அசைந்தாலும் கழன்று விடும். இறுக்கிக் கட்டினால் மூக்கின் நடுத்தண்டு புண்ணாகும். சில குழந்தைகளுக்கு அந்தத் தண்டே அரித்துப் போய், பிறகு மூக்கே கோணலாகி விடுவதும் உண்டு. அம்மா மடியில் தூக்கி வைக்கவும் முடியாது.

ராமநாதனின் யோசனை எளிமையானது. பெரியவர்களுக்கு ஆக்சிஜன் வைக்கும்போது காதைச் சுற்றி மாட்டுவோமே, அந்த மாதிரி மிருதுவான நீளக் குழாய். ஆனால் உள்ளே துவாரம் பெரிசு. மறுமுனையை சி-பேப்பிலும் மாட்டலாம், வென்டிலேட்டரிலும் மாட்டலாம். அவர் பெயரையே வைத்து அதற்கு ‘ராம் கேனுலா’ என்று பெயர். அமெரிக்கக் கம்பெனி ஒன்று தயாரித்து விற்கிறது. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் புழக்கத்தில் இருக்கிறது. வார்டில் “ராம் போடு” என்று டாக்டர் சொன்னால் சாமி பெயரைச் சொல்கிறார் என்று நினைத்து விடாதீர்கள், இந்தக் குழாயைத்தான் சொல்கிறார்.

குறையே இல்லாத சாமான் என்று சொல்லி விட முடியாது. குழாய் நீளம், மூக்கை முழுசாக அடைக்காது என்பதால் மிஷினில் வைத்த அழுத்தம் அப்படியே நுரையீரலுக்குப் போய்ச் சேருவதில்லை, நடுவில் கசிகிறது என்று செயற்கை நுரையீரலை வைத்துச் சோதித்தவர்கள் சொன்னார்கள். டாக்டர்களுக்குள் இதில் பெரிய வாக்குவாதமே நடந்தது. இஸ்ரேலில் 166 குறைமாதக் குழந்தைகளை வைத்துப் பார்த்து 2021-ல் ஒரு முடிவு வெளியானது. மூச்சுக்கு உதவுவதில் பழைய குட்டைக் குழாய்க்கு இது சளைத்தது இல்லை, மூக்குப் புண் மட்டும் நன்றாகவே குறைவு என்று தெரிந்தது. எந்தக் குழந்தைக்கு எந்தக் குழாய் என்பது டாக்டர் முடிவு. நாம் போய் “ராம் குழாயே வையுங்க” என்று சண்டை போட வேண்டியதில்லை.

மூக்குக் குழாயில் இன்னொரு லாபம், அம்மா குழந்தையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக் கொள்ளலாம். கங்காரு முறை என்பார்கள். 1 கிலோவில் இருந்து 1 கிலோ 800 கிராம் வரை உள்ள குழந்தைகளை, நிலைமை சீராகும் வரை காத்திருக்காமல் பிறந்த உடனேயே இப்படி வைத்தால் சாவு குறைகிறது என்று டெல்லி உள்பட ஐந்து இடங்களில் நடந்த ஆராய்ச்சி 2021-ல் காட்டியது. ஆகவே, “குழாய் இருக்கும்போது தூக்கலாமா சிஸ்டர்?” என்று தைரியமாகக் கேளுங்கள்.

ஆக்சிஜன் ‘நெறைய’ வேண்டாம்

வார்டு வாசலில் கேட்கும் இன்னொரு குரல், “ஆக்சிஜனை நல்லா நெறைய வையுங்க டாக்டர், காசு போனாப் போகுது.” இது ஆபத்தான ஆசை.

பிறந்ததும் அழாத குழந்தைக்கு சுத்த ஆக்சிஜன்தான் கொடுக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ரொம்ப காலம் நம்பிக் கொண்டிருந்தார்கள். டெல்லி மவுலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சித்தார்த் ராம்ஜி, நார்வே நாட்டு டாக்டர் சாக்ஸ்டாடுடன் சேர்ந்து 84 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார். பாதிப் பேருக்கு சுத்த ஆக்சிஜன், பாதிப் பேருக்கு நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. 1993-ல் வந்த முடிவு: சாதாரணக் காற்றே போதும்! யாரும் லேசில் நம்பவில்லை. பிறகு பல நாடுகளில் 600-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பார்த்து 1998-ல் மறுபடி அதையே சொன்னார்கள். 2010-ல் உலக அளவிலான வழிகாட்டு முறையே மாறியது. நிறைமாதக் குழந்தைக்கு முதலில் சாதாரணக் காற்று, தேவைப்பட்டால்தான் ஆக்சிஜன். டெல்லி அரசு ஆஸ்பத்திரியில் தொடங்கிய விஷயம் அமெரிக்கா வரைக்கும் போனது என்பது குறிப்பிடத்தக்கது.

குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் கூடிப்போனால் கண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய் தாறுமாறாக வளரும். 1940, 50-களில் உலகம் முழுக்க சுமார் 10 ஆயிரம் குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்தனர். 1950-ல் குறைமாதத்தில் பிறந்த அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். அதனால்தான் இப்போது மிஷின் திரையில் ஆக்சிஜன் அளவு 90-ல் இருந்து 95-க்குள் நிற்கும்படி பார்த்துக் கொள்கிறார்கள். 100 காட்டவில்லையே என்று பதற வேண்டாம். ஆக்சிஜன் வைத்திருக்கும் குறைமாதக் குழந்தைக்கு 100 காட்டினால்தான் நர்ஸ் ஓடி வந்து குறைப்பார்.

இதில் கோவைக்குப் பெருமை உண்டு. அவினாசி ரோட்டில் உள்ள அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, சுற்று வட்டாரத்து பச்சிளங்குழந்தை வார்டுகளுக்கே கேமராவோடு ஆட்களை அனுப்பி குழந்தைகளின் விழித்திரையைப் படம் எடுத்து, அதை டாக்டர் பார்த்துச் சொல்லும் ஏற்பாட்டை நடத்தி வந்திருக்கிறது. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தை என்றால் பிறந்து 30 நாளுக்குள் இந்தக் கண் பரிசோதனை கட்டாயம். ரொம்ப சின்னக் குழந்தை என்றால் இன்னும் முன்பே. பிரச்சினை இருந்தால் லேசர் வைத்து நிறுத்தி விடலாம். தாமதமானால் முடியாது. வீட்டுக்கு வந்ததும் ‘கொழந்தை நல்லாத்தானே முழிக்குது’ என்று விட்டு விடுபவர்கள்தான் பிறகு அழுகிறார்கள்.

வலி வந்ததுமே ஒரு ஊசி

மூக்குக் குழாய், மருந்து எல்லாம் குழந்தை பிறந்த பிறகு. அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 34 வாரத்துக்கு முன் வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ அம்மாவுக்கு ‘டெக்சாமெதசோன்’ ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படும். 12 மணி நேரத்துக்கு ஒன்று வீதம் 4 ஊசி. விலை மலிவு. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற டாக்டர் செம்மறி ஆடுகளிடம் தற்செயலாகக் கவனித்து, 1972-ல் தாய்மார்களிடம் நிரூபித்த விஷயம் இது. இந்தியாவில் 2014-ம் ஆண்டு முதல் கிராம சுகாதார நர்சே முதல் ஊசியைப் போட்டு மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று மத்திய அரசு அனுமதித்துள்ளது.

ஆனால் ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். வால்பாறையிலோ தாராபுரம் பக்கத்துத் தோட்டத்திலோ இருந்து, ‘சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடி’ என்று ராத்திரி முழுக்க வைத்திருந்து, விடிந்த பிறகு கிளம்பினால் அந்த நேரம் போய் விடுகிறது. 7-ம் மாசம், 8-ம் மாசம் வலி என்றால் அப்போதே 108-க்கு போன் செய்து, குறைமாதம் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். பச்சிளங்குழந்தைகளுக்கு என்று தனி வசதியுள்ள 108 வண்டிகளும் தமிழ்நாட்டில் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைக்கான சிகிச்சைக்கும் காசு கிடையாது.

அக்கா வீட்டுக் கதைக்கு வருவோம். அன்றைக்கு பேனாவைக் கையில் இருந்து வாங்கி வைத்தது ஒரு வயதான நர்ஸ் அம்மா. “பாட்டி, கொழந்தை மூச்சு விட மறந்து போகுதுன்னு குழாய் வைக்கல. அதுவா மூச்சு விடுது, நாங்க பின்னால தாங்கிப் புடிக்கிறோம். நாலு நாள் பொறுங்க” என்றார். நாலு நாள் இல்லை, 11 நாள் ஆனது. எந்த வகைக் குழாய் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் சிவப்பு மையில் கண் பரிசோதனைத் தேதி எழுதி வட்டம் போட்டிருந்தார்கள். 28-வது நாள், மாமியாரே துண்டில் சுற்றித் தூக்கிக் கொண்டு பஸ் ஏறினார். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.